இன்னும் ஒரு சுற்று

அத்தியாயம் 14

ரகுபதியின் போன் அடித்தபோது மஞ்சுளா வாலாஜாபாத் சாலையில் எங்கோ சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் மச்சான் வசந்தின் பெயர். ரகுபதிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒன்றரை மாதமாக அந்த வீட்டிலிருந்து ஒரு போன் கிடையாது. இவர்கள் போட்டாலும் எடுப்பதில்லை.

“மாமா, அக்கா அங்க வந்துடுச்சா?”

“ரேசுல கீறா. சைக்கிள்ல போயிக்கினு கீறா. இன்னா வசந்த், காலையிலயே?”

“அம்மா விழுந்துட்டாங்க மாமா. வாசப்படியில. இடுப்புல அடி. எழுந்திரிக்கவே முடியல. ஆம்புலன்ஸ்ல ஏத்தி ஒரகடத்துக்கு இட்டாந்துட்டேன். அக்காவ உடனே வரச் சொல்லுங்க.”

“நெனவு இருக்குதா?”

“அதெல்லாம் நல்லா இருக்கு. கத்திக்கினு கீறாங்க. அக்காவத்தான் கேக்குறாங்க.” வசந்த் கொஞ்சம் நிறுத்தினான். “வர்ற வழியில அக்காவப் பாத்தேன் மாமா. எங்களுக்கு முன்னாடி போயிக்கினு இருந்துச்சு. சைரன் கேட்டு ஓரம் கட்டி வழி வுட்டுச்சு. நிறுத்துங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். அம்மா வலியில துடிச்சிக்கினு இருந்தாங்க. நிறுத்தல.”

ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான். அந்த ஆஸ்பத்திரி இங்கிருந்து பைக்கில் பத்து நிமிஷம்கூட ஆகாது.

சுற்றிலும் ஒரே சத்தம். சென்னையிலிருந்து வந்திருந்த சைக்கிள் கிளப்காரர்கள் சிப்காட் உட்சாலையை மறித்துக் கம்பித் தடுப்பு வைத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் ஒருவன் யார் யாரோ பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான். காலையில் ஏரியில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீச்சல். அது முடிந்ததும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். பிறகு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. மத்தியானம் இரண்டரை மணிக்குள் முடித்தால்தான் கணக்கில் சேரும்.

கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்யும் ஒயர் ஹார்னஸ் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கும் மஞ்சுளா, கம்பெனி ஆண்டு விழா ஓட்டத்தில் விளையாட்டாகக் கலந்துகொண்டவள். அதில் பிடித்த பைத்தியம் போன வருஷம் மறைமலை நகரில் ஒரு சின்ன தூர ட்ரையத்லான்வரை கொண்டுபோய் விட்டது. நீண்ட தூரம் இதுதான் முதல் முறை. ஒரு வருஷமாக இந்த நாளுக்காகவே விடிவதற்கு முன் எழுந்தாள்.

இடையில் அந்தப் போட்டோ வந்தது. நீச்சல் உடையில், தலையில் ரப்பர் தொப்பியோடு ஏரிக்கரையில் நின்ற மஞ்சுளாவைக் கம்பெனித் தோழி கோவிந்தம்மா ஆசையாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாள். அது சொந்தக்காரர்கள் குரூப்பெல்லாம் சுற்றிக் கடைசியில் மஞ்சுளாவின் அம்மா கன்னியம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.

“வயசுக்கு வந்த பொண்ண வூட்ல வெச்சிக்கினு இவ இன்னா கூத்து அடிக்கிறா? நாளைக்கு அந்தப் பொண்ண யாரு கட்டுவான்?” என்று கேட்டவள்தான். அதோடு மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மகன் வசந்தோடு வாலாஜாபாத்தில் இருக்கும் அவளைப் பார்க்கப் போன மஞ்சுளாவைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இன்றைக்கு அந்த அம்மா கூப்பிடுகிறாள்.

ரகுபதிக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, எரிச்சல். ஒன்றரை மாதமாகப் பேசாத அத்தை விழுவதற்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது? நினைத்த மாத்திரத்தில் கூசிப்போனார். அறுபத்தெட்டு வயசு மனுஷி இடுப்பு ஒடிந்து கிடக்கிறாள். நாம் இப்படி நினைக்கிறோமே.

“யாருப்பா போன்ல?” தண்ணீர் பாட்டில்களோடு வந்த சுபஸ்ரீ கேட்டாள். காஞ்சிபுரத்தில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அம்மாவுக்காக ஞாயிற்றுக்கிழமை வார்டு டியூட்டிக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள்.

சொன்னார். அவள் முகம் மாறியது.

“ஆயாவுக்கா? எக்ஸ்ரே எடுத்தாங்களாமா?”

“அதெல்லாம் கேக்கல.”

சுபஸ்ரீ உடனே வசந்துக்குப் போன் போட்டாள். ஐந்தாறு கேள்வி கேட்டாள். காலேஜுக்குப் போகத் தொடங்கிய பிறகு அவள் குரலுக்கு ஒரு தோரணை வந்திருந்தது. ரகுபதி பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொடையெலும்பு இடுப்புகிட்ட ஒடைஞ்சிருக்கும்போல இருக்குப்பா. இனிமேதான் எக்ஸ்ரே. ஊசி போட்டிருக்காங்க. உசுருக்கு ஒண்ணும் பயமில்ல. ஆபரேஷன் இருக்கும். ஆனா இன்னைக்கே இருக்காது, டெஸ்ட்டெல்லாம் எடுத்துட்டுத்தான்.” அவள் போனைப் பையில் போட்டாள். “அம்மா சைக்கிள் முடிச்சிட்டு வந்த உடனே சொல்லிடலாம்.”

ரகுபதி அவள் கையிலிருந்த பாட்டில்களை வாங்கித் தரையில் அடுக்கினார்.

“ப்பா.”

“சொன்னா ஓட மாட்டா, சுபா.”

“ஓடாட்டி ஓடாம போவட்டும்!”

“ஒரு வருஷம். நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து, தூங்காம சைக்கிள எடுத்துக்கினு போயிருக்கா. நான் பாத்துக் கீறேன்.” அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ஆயாவ இப்ப யாரு பாத்துக்கினா இன்னா? வசந்த் கீறான். டாக்டர் கீறாரு. அம்மா போயி இன்னா பண்ணப் போறா?”

“அத அம்மா சொல்லட்டுமே. நீங்க ஏன் சொல்றீங்க?”

“நான் அவ புருஷன்.”

“அவங்க அம்மா அது. உங்களுக்கு மாமியார். ரெண்டும் ஒண்ணா?”

பெரிய பேச்சு. வேறு நாளாக இருந்தால் ரகுபதி அதட்டியிருப்பார். அவர் கம்பெனி பஸ் டிரைவர். ஷிப்ட் முடியும்வரை கேட்டுக்கு வெளியே பஸ்ஸில் உட்கார்ந்து காத்திருப்பது அவருக்கு வாடிக்கை. அப்படிக் காத்திருந்த காலத்தில் எத்தனையோ பேருக்குக் கெட்ட சேதியைக் கேட்டில் வைத்தே சொல்வதைப் பார்த்திருக்கிறார். சேதி கேட்ட பிறகு அந்த முகங்கள் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

“ஓடி முடிக்கட்டும். நான் பாத்துக்கறேன்” என்றார்.

மஞ்சுளா சைக்கிளில் வந்து சேர்ந்தபோது சைக்கிளுக்கான நேரக் கெடு முடிய அதிக நேரம் இல்லை. வர முடியாமல் போனால் தேவலை என்றுகூட ரகுபதி ஒரு கணம் நினைத்துவிட்டார். நேரம் தவறிவிட்டது, இறங்கு என்று அவர்களே சொல்லிவிட்டால் இந்தப் பாரம் தன் தோளை விட்டு இறங்கிவிடும். ஆனால் அவள் வந்தாள். முகமெல்லாம் ரோட்டுப் புழுதி. ஹெல்மெட்டைக் கழற்றி, ஷூ மாற்றி, தொப்பியைப் போட்டுக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள்.

“பழம் சாப்டியா?” என்று கத்தினார். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“சாப்டேன்! தொடைதான் கல்லு மாதிரி கீது. அத்த வுடுங்க, வெயில்ல நிக்காதீங்க!”

சுபஸ்ரீ பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள்.

ஓட்டம் நான்கு சுற்று. தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களை ஒட்டிப் போய், ஒரு லாரி நிறுத்துமிடம் வரை சென்று, திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் மேசை அருகில் நிற்கும் இவர்களைக் கடந்தாக வேண்டும்.

முதல் சுற்று முடிந்து வந்தபோது மஞ்சுளா நன்றாகத்தான் ஓடினாள். தண்ணீரை வாங்கிப் பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். மகளைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தாள்.

“இன்னாடி மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

“வெயிலும்மா.”

“தொப்பி போட்டுக்கோ.” போய்விட்டாள்.

“பாத்தீங்களா? கண்டுபுடிச்சிட்டாங்க” என்றாள் சுபஸ்ரீ. ரகுபதி தலையைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது சுற்றுக்குள் வசந்த் மூன்று முறை கூப்பிட்டான். எலும்பு முறிவு உறுதி. ஆபரேஷன் நாளைக்கோ மறுநாளோ. கடைசி முறை அவன் குரல் உடைந்திருந்தது. “மாமா, அம்மா வேற யாரையும் கிட்ட வுட மாட்டேங்குறாங்க. என்னையும் வுட மாட்டேங்குறாங்க. அக்கா எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?”

“சொல்லிட்டேன்னு சொல்லு. வந்துக்கினு கீறான்னு சொல்லு.”

வாய் கூசாமல் வந்த பொய். சுபஸ்ரீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டாவது முறை மஞ்சுளா வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஓட்டமும் நடையுமாக வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. எலுமிச்சைத் துண்டில் உப்பைத் தொட்டு வாயில் வைத்தபடி கடந்து போனாள். ரகுபதி “மஞ்சு” என்று கூப்பிட வாயெடுத்தார். அவள் ஒரு காலை ஊன்றி மறு காலை எடுப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறாள் என்பதைப் பார்த்ததும் கூப்பிடாமல் விட்டுவிட்டார்.

மூன்றாவது முறை சுபஸ்ரீ அப்பாவைக் கேட்கவில்லை. தூரத்தில் அம்மாவின் நீலத் தொப்பி தெரிந்ததும் தடுப்பைத் தாண்டிப் போனாள்.

“ஏம்மா, உள்ள வரக்கூடாது!” என்று ஒரு வாலண்டியர் பையன் கத்தினான்.

அவள் அம்மாவுக்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே சொன்னாள். “ம்மா, ஆயா விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு. ஒரகடம் ஆஸ்பத்திரியில இருக்காங்க. பயப்படாத. நல்லா பேசுறாங்க.”

மஞ்சுளா நின்றுவிட்டாள்.

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “எப்ப?”

“காலையில. நீ சைக்கிள்ல இருந்தப்போ. வாலாஜாபாத் ரோட்லதான் ஆம்புலன்ஸ் வந்துச்சாம்.”

மஞ்சுளாவின் கண்கள் எங்கோ போயின. சைரன் சத்தம். பின்னாலிருந்து வந்த வெள்ளை வண்டி. யார் பெத்த பிள்ளையோ பாவம் என்று நினைத்து மண் ஓரத்தில் இறங்கி நின்றது. “நான் வழி வுட்டேனே” என்றாள். “அதுலயா?”

ரகுபதி ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே மஞ்சுளாவுக்குப் புரிந்துவிட்டது.

“உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?”

கோபம் வந்தால் மட்டும்தான் அவள் அவரை ஒருமையில் கேட்பாள்.

“வசந்த் அப்பவே போன் பண்ணான் மஞ்சு. நீ முடிக்கட்டுமேன்னு...”

“மூணு தடவ இப்பிடியே போனேன். மூணு தடவ. நீ எனக்குத் தண்ணி குடுத்த.”

அவர் தலை குனிந்தார். வாலண்டியர் பையன் பக்கத்தில் வந்து, என்ன விஷயம் என்று புரியாமல் திரும்பிப் போனான். பின்னாலிருந்து வந்த ஒரு வயசான ஆள் இவர்களைச் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்க ஓடினார்.

“போன் போடு” என்றாள் மஞ்சுளா.

சுபஸ்ரீ வசந்துக்குப் போட்டு, ஆயாவின் காதில் வைக்கச் சொல்லி, போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

“ம்மா.”

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, “எங்கடி கீற?”

ஒன்றரை மாதம் கழித்துக் கேட்ட குரல். மஞ்சுளாவுக்குக் கண் நிறைந்தது.

“ஓடிக்கினு கீறேம்மா.”

“இன்னுமா?”

“இன்னும் ஒரு ரவுண்டு கீது.”

கன்னியம்மா முடித்துவிட்டு வா என்று சொல்வாளோ என்று மஞ்சுளா ஒரு நொடி எதிர்பார்த்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் எல்லாம் எளிதாகப் போயிருக்கும்.

“வலிக்குதுடி மஞ்சுளா” என்றாள் கன்னியம்மா. “வந்துடு.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மஞ்சுளா ரோட்டைப் பார்த்தாள். ஒரு பக்கம் கூடாரம், அதைத் தாண்டி அவர்களுடைய பைக். மறுபக்கம் மதிலை ஒட்டி நீண்டு போகும் தார் ரோடு, அதன் மேல் கானல்.

“சுபா, உண்மையச் சொல்லு. இப்ப நான் போனா ஆயாவுக்கு இன்னா ஆவும்?”

சுபஸ்ரீ யோசித்துச் சொன்னாள். “வைத்தியத்துக்கு ஒண்ணும் ஆவாதும்மா. நீ போனா பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சிக்கலாம். ஆனா அதுவும் பெரிய விஷயம்தான்.”

“அப்ப நீ போ. நீ போயி கையப் புடிச்சிக்கோ. அம்மா வரான்னு சொல்லு. எங்க கீறான்னு கேட்டா ஓடிக்கினு கீறான்னே சொல்லு. பொய் சொல்லாத.”

“ம்மா, அவங்க உன்னத்தான்...”

“தெரியும்டி. போ.”

சுபஸ்ரீ அம்மாவை ஒரு தினுசாகப் பார்த்தாள். பிறகு கூட்டு ரோடு பக்கம் ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினாள். ரகுபதி என்னவோ சொல்ல வந்தார். மஞ்சுளா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீ ஒண்ணும் சொல்லாத. இத நான் முடிவு பண்றேன்.”

நான்காவது சுற்று தொடங்கியது.

கொஞ்ச தூரம் நடந்துதான் போனாள். கால் மறுபடி ஓட்டத்துக்கு வர நேரம் எடுத்தது. ஒரு தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி வேலையில் இருந்த பெண் குடையோடு எழுந்து நின்று கை தட்டினாள். லாரி நிழலில் சமைத்துக்கொண்டிருந்த வடநாட்டு டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. முடிந்து போன பஸ் ஒன்றின் ஜன்னலிலிருந்து யாரோ “மஞ்சுக்கா! வுடாத!” என்று கத்திக்கொண்டு போனார்கள். மஞ்சுளாவுக்குக் கையைத் தூக்கக்கூடத் தோன்றவில்லை.

வந்துடு என்றாள் அம்மா. இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை முறை போன் போட்டிருக்கிறாள். அது வருகிற நேரத்தில் தான் இப்படித் திரும்பி எதிர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தாள். திரும்பிவிடலாமா? இப்போதுகூடத் திரும்பலாம்.

திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். அம்மா கட்டில் பக்கத்தில் உட்காருவேன். கையைப் பிடித்துக்கொள்வேன். ஆனால் நாளைக்கு, அடுத்த வாரம், அடுத்த வருஷம், அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒரு சுற்று ஞாபகம் வரும். உன்னால்தான் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். மனசு சொல்லும். அம்மாவுக்கும் அது தெரியும்.

முடித்துவிட்டுப் போனால், கூப்பிட்டபோது வரவில்லை என்பது என் தலையில் இருக்கும். என்னோடு இருக்கட்டும். அம்மா தலையில் ஏற்றுவதைவிட அது மேல்.

இது நியாயமா, நியாயம்போல் ஜோடிக்கப்பட்ட ஆசையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம். லாரி நிறுத்துமிடத்தில் திரும்பினாள். இடது தொடை சுண்டி இழுத்தது. நின்று குனிந்து பிசைந்துவிட்டு மறுபடி ஓடினாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடினாள். அந்த வெயிலில் கண்ணீரும் வேர்வையும் ஒன்றாகத்தான் வழிந்தன.

இரண்டரை மணிக்குச் சில நிமிஷம் இருக்கையில், கடைசியிலிருந்து இரண்டாவதாக முடிவுக் கோட்டைத் தாண்டினாள். ஸ்பீக்கர்காரன் மட்டும் முதல் ஆள் வந்ததுபோலவே கூவினான். யாரோ கழுத்தில் மெடலைப் போட்டார்கள். யாரோ துண்டைப் போர்த்தினார்கள். இதற்காக ஒரு வருஷம் கனவு கண்டிருந்தாள். கையை உயர்த்திச் சிரிப்பது, சுபாவைக் கட்டிக்கொள்வது, எல்லாம். அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது ஒரே ஒரு அமைதி. முடிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அது போதுமானதாகவும் இருந்தது.

ரகுபதி பைக்கை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அவளால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. அவர் இறங்கி, பிடித்து ஏற்றி, பக்கவாட்டில் உட்கார வைத்தார்.

பைக் கூட்டு ரோட்டைத் தாண்டியது.

“மஞ்சு, தப்புதான்” என்றார் அவர், முன்னால் பார்த்தபடியே. “சொல்லியிருக்கணும்.”

“முதல் ரவுண்டுலயே சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்னு நெனைக்கிறேன்.” அவள் அவர் தோளைப் பிடித்திருந்தாள். “உங்களுக்கு நன்றி சொல்றதா, சண்ட போடறதான்னு எனக்கே தெரியல. ஆனா எனக்குன்னு இனிமே நீங்க முடிவு பண்ணாதீங்க. கெட்டதோ நல்லதோ, எங்கிட்ட சொல்லிடுங்க.”

“சரி.”

“வாயால சொல்லாதீங்க.”

“சரிம்மா” என்றார். மறுபடி நீங்க என்று கூப்பிடுகிறாளே என்பதில் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடி. லிப்டிலிருந்து அறைவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வசந்த் எழுந்து நின்றான். முப்பத்தாறு வயசுக்காரன் இன்னும் மூத்தவன்போலத் தெரிந்தான். இரண்டு நாள் தாடி.

“அம்மா கூப்ட்டும் ஓடிக்கினு இருந்தியாமே” என்றான்.

“ஆமாடா.”

அவள் மறுத்திருந்தால் அவன் மேலே ஏதாவது பேசியிருப்பான். கையிலிருந்த பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு டீ வாங்கப் போனான்.

கன்னியம்மா மல்லாந்து படுத்திருந்தாள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சுபஸ்ரீ சொன்னபடியே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாள்.

“வந்துட்டியா.”

“வந்துட்டேம்மா.”

“கூப்ட உடனே வரல நீ.”

“வரல.”

கன்னியம்மா மகளை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய மெடலைப் பார்த்தாள். புஜத்தில் கறுப்பு மையால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள்.

“முடிச்சியா?”

“முடிச்சேன்.”

கன்னியம்மா கையை நீட்டி மகளின் கன்னத்தைத் தொட்டாள். விரலைத் தன் கண்ணருகில் கொண்டுபோனாள். “இன்னாடி இது, மூஞ்சியெல்லாம் உப்பு பூத்துக் கீது?”

“வேர்வைம்மா. காஞ்சிடுச்சு.”

“தண்ணி குடிச்சியா இல்லியா?”

மஞ்சுளா அப்போதுதான் உடைந்தாள். கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்து விம்மி விம்மி அழுதாள். கன்னியம்மாவின் கை அவள் தலைமுடியில் கிடந்தது. ஏரித் தண்ணீரும் புழுதியும் சேர்ந்து சிக்குப் பிடித்த முடி.

“அந்த டிரஸ்ஸ போட்டுக்கினா ஆஸ்பத்திரிக்கு வந்துக் கீற?” என்றாள் கன்னியம்மா கொஞ்ச நேரம் கழித்து.

“இல்லம்மா. இது வேற.” அழுகையின் நடுவிலேயே மஞ்சுளாவுக்குச் சிரிப்பு வந்தது. சுபஸ்ரீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்ஸ் வந்து டிரிப்ஸைச் சரிசெய்துவிட்டுப் போனாள். கன்னியம்மா கதவு மூடும்வரை காத்திருந்தாள்.

“மஞ்சுளா, இங்கேர்ந்து வுட்டாங்கன்னா நான் உன் வூட்டுக்குத்தான் வருவேன். வசந்த் வூட்டுக்குப் போவ மாட்டேன்.”

“ஏம்மா? அவன் இன்னா பண்ணான்?”

“இப்ப கேக்காத. சொல்றப்ப சொல்றேன்.”

மஞ்சுளாவின் நாக்கு நுனியில் சரி என்ற வார்த்தை தயாராக இருந்தது. சொல்லவில்லை. திரும்பிக் கதவோரம் நின்றிருந்த கணவனைப் பார்த்தாள்.

“இன்னாங்க சொல்றீங்க?”

ரகுபதி இதை எதிர்பார்க்கவில்லை. இந்த ஒன்றரை மாதமாக இதே அத்தை மேல் எவ்வளவு கோபத்தை மனசுக்குள் வளர்த்து வைத்திருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்காமல் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாடிப்படி ஏற முடியாது” என்றார். “கீழ் ரூம்ல கீற ஒரிசா பசங்க இந்த மாசக் கடைசியில காலி பண்றானுங்க. வேற யாருக்கும் வுட வேணாம். அத்தை அங்கயே இருக்கட்டும். பாத்ரூமுக்குப் புடிச்சிக்க ஒரு கம்பி அடிச்சிடறேன்.”

கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“ம்மா” என்றாள் சுபஸ்ரீ மெல்ல. கதவைக் காட்டினாள்.

வசந்த் நின்றிருந்தான். எப்போது வந்தான், எதுவரை கேட்டான் என்று தெரியவில்லை. யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து மேசை மேல் பிளாஸ்கை வைத்தான்.

“டீ கீது. அம்மாவுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க குடிங்க” என்றான். அவ்வளவுதான். வெளியே போய்விட்டான்.

“வசந்த்! டேய், நில்லுடா!”

மஞ்சுளா எழுந்தாள். இரண்டு தொடையும் ஒரே நேரத்தில் இறுகிப் பிடித்தன. கட்டில் கம்பியைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, இழுத்து இழுத்து வராந்தாவுக்கு வந்தாள். அவன் லிப்டுக்குள் போயிருந்தான். கதவு மூடிக்கொண்டிருந்தது.

மூடுவதற்குள் பார்த்துவிட்டாள். தம்பி சட்டைக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.